கடனாளியும் மூத்த சகோதரனும்: சுவைட்சரின் மருத்துவ நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

தமிழ் வாசகருக்கு ஆல்பர்ட் சுவைட்சர் பெரும்பாலும் திருக்குறளைப் போற்றிய அறிஞராகவே அறிமுகமானவர். இறையியல் மாணவரோ, வரலாற்று இயேசுவைப் பற்றி அவர் 1906-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் வாயிலாக அவரை அறிவர். இவற்றுக்கு அப்பால், ஆப்பிரிக்கக் காட்டில் தாம் ஆற்றிய மருத்துவப் பணியை அவரே விவரிக்கும் நூல் ஒன்றுண்டு. ‘தண்ணீருக்கும் கானகத்துக்கும் இடையே’ என்று பொருள்படும் தலைப்புடன் 1921-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த அந்நூல், மருத்துவ ஊழியம் பற்றிய நமது எண்ணங்களை இன்றளவும் உருவாக்கி வருகிறது. ஆகவே அதனைப் போற்றுவதோடு அமையாமல் சோதித்தறிவதும் நம் கடமையாகும்.

1913-இல் சுவைட்சரும் அவர்தம் துணைவியார் ஹெலனும், இன்றைய காபோன் நாட்டில் ஒகோவே ஆற்றங்கரையிலுள்ள லம்பரீனே வந்தடைந்தனர். அவரது இறையியலை ஐயுற்ற பாரிஸ் மிஷன் சங்கத்தார், பிரசங்கம் செய்வதில்லை என அவர் வாக்களித்த பின்னரே அவரை ஏற்றுக்கொண்டனர். நோயாளரைப் பார்க்கக் கட்டடம் இல்லை. ஒரு பழைய கோழிக்கூடே முதல் மருத்துவ அறையாயிற்று. தூக்க நோய், தொழுநோய், மலேரியா, குடலிறக்கம் ஆகியவற்றால் வாடியோர் படகுகளில் வந்து குவிந்தனர். மருந்துகள் விரைவில் தீர்ந்தன. போர் மூண்டபோது, ஜெர்மன் குடிமகன் என்பதால் பிரெஞ்சு அரசு அவரைக் காவலில் வைத்து, 1917-இல் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றது. இவ்வின்னல்களைத் தற்புகழ்ச்சியின்றிக் கூறுவது நூலின் தனிச்சிறப்பு.

நூலின் உயிர்நாடி அதன் இறையியலே. ஐசுவரியவானும் லாசருவும் என்னும் உவமையைச் சுவைட்சர் தம் முடிவுக்கு அடிப்படையாக்குகிறார். மருத்துவ அறிவு நிறைந்த ஐரோப்பாவே அந்த ஐசுவரியவான். வாசலில் கிடக்கும் லாசரு, அடிமைப்படுத்தப்பட்ட மக்கள். அவர்களுக்குச் செய்யும் உதவி தருமம் அன்று, இழைத்த தீமைகளுக்குரிய பரிகாரம் என்கிறார். குடியேற்ற ஆதிக்கம் உச்சத்திலிருந்த காலத்தில் ஓர் ஐரோப்பியர் இவ்வாறு எழுதியது சிறிய செயலன்று.

ஆயினும் அதே நூலில், ஆப்பிரிக்கரைச் சகோதரர் என ஏற்றுக்கொண்டு, தம்மை அவர்களுக்கு மூத்த சகோதரராக நிறுத்துகிறார். அவர்களைக் குழந்தைகளாகக் கருதி அதிகாரத்துடன் நடத்த வேண்டும் என்கிறார். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975-இல் ஆற்றிய உரையில் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். அக்கண்டனத்தோடு நாம் ஒன்று சேர்க்கலாம்: இங்கே நூல் தன்னோடு தானே முரண்படுகிறது. கடனைத் தீர்க்க வந்தவன், கடன் கொடுத்தவனிடம் அதிகாரம் செலுத்துவது எங்ஙனம்? பரிகாரம் என்பது மெய்யானால், வந்தவன் கேட்பவனாகவும் கற்பவனாகவும் இருந்திருக்க வேண்டும். சுவைட்சர் அம்மக்களின் மொழிகளைக் கற்கவில்லை. முன்னர்ச் சமையற்காரராயிருந்த ஜோசப் என்பவரே மொழிபெயர்த்தார். உடலுறுப்புகளை இறைச்சித் துண்டுகளின் பெயரால் அவர் குறித்ததை நூல் நகைச்சுவையுடன் கூறுகிறது. மருத்துவரின் சொல்லும் நோயாளியின் சொல்லும் இவர் நாவின் வழியே கடந்தன. எனினும் இவரே மருத்துவராகக் கூடுமோ என்னும் வினா நூலில் எழவில்லை.

இவ்வினா அக்காலத்தில் எழ இயலாத ஒன்று எனத் தள்ளிவிட முடியாது. லம்பரீனேக்கு அறுபதாண்டுகளுக்கு மேல் முந்தியே, 1847-இல், அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இளைஞருக்கு மேலை மருத்துவத்தைக் கற்பித்தார்; நாளடைவில் தமிழிலேயே கற்பித்தார். ஆங்கிலம் கற்றவர் ஊரைவிட்டு அகல்வர், தமிழில் கற்றவர் தம் மக்களிடையே தங்குவர் என்பது அவர் கணிப்பு. உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவம் முதலிய துறை நூல்களைத் தமிழாக்கிக் கலைச்சொற்களையும் வகுத்தார். கிறீனிடமும் குறைகள் உண்டு. அவரது கலைச்சொற்கள் வடமொழி மிகுந்து கடினமானவை. 1873-இல் அவர் நாடு திரும்பிய பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை. யாழ்ப்பாணத்தில் அச்சகமும் கல்விச் சாலைகளும் முன்னமே இருந்தன. சுவைட்சருக்கு அவ்வசதிகள் இல்லை என்பதையும் நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் தம் இடத்தை உள்ளூர் மாணவர் ஏற்பர் என நம்பியே கிறீன் உழைத்தார். தமிழருக்கு மருத்துவ நற்செய்தியாளர் என்றே தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழும் நமக்கு இந்நூல் அந்நியமானதன்று. சுவைட்சர் காபோனில் பணியாற்றிய காலத்தில் நம் சிற்றூர்களும் அதே பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தன. 1823-இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றலே இன்றைய ஜிப்மர். அதன் கிராம நலவாழ்வு நிலையம் வில்லியனூரை அடுத்த இராமநாதபுரத்தில் உள்ளது. அரியூரிலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகள் எழுந்துள்ளன. மருந்தும் மருத்துவரும் லம்பரீனேயில் அரியன. இங்கே அவ்வளவு அரியனவல்ல. ஆனால் மருத்துவம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. மருந்துச் சீட்டும் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. தன் உடலுக்கு நேர்ந்தது யாதென்று, வயலில் உழைக்கும் தாய் தன் மொழியில் தெளிவாகக் கேட்டறிய முடியாதாயின், ஜோசப்பின் சமையலறைச் சொற்களைக் கண்டு நாம் நகைப்பதற்கில்லை.

இதில் திருச்சபைக்கும் பங்குண்டு. மருத்துவ முகாம் நடத்தி, வந்தோர் தொகையை அறிக்கையில் எழுதுவதோடு நம் கடமை முடிவதில்லை. முகாம் முடிந்த மறுநாள் அவ்வூரில் காயத்துக்குக் கட்டுப்போட அறிந்தவர் யார்? நீரிழிவு உடையவருக்கு உணவு முறையைத் தமிழில் விளக்க வல்லவர் யார்? சேரியிலும் ஊரிலும் அத்தகையோரை நாம் உருவாக்கியிருக்கிறோமா?

நல்ல சமாரியன் உவமையில் நாம் சமாரியனையே நினைக்கிறோம். அவன் மறுநாள் புறப்பட்டுப் போகிறான். காயப்பட்டவனைத் தொடர்ந்து பேணியவன் பெயரறியாத சத்திரக்காரன். சமாரியன் அவனை நம்பிப் பணத்தையும் பொறுப்பையும் ஒப்படைத்தான். சுவைட்சரின் நூலில் ஈடற்ற சமாரியன் ஒருவனைக் காண்கிறோம். சத்திரக்காரனுக்கு அதில் இடமில்லை. அந்நூலைப் பயிலும் ஊழியர் இக்குறையை உணர்ந்து பயில்வாராயின் பெரும்பயன் அடைவர்.