மழலையின் ஒழுங்கு

பேசத் தொடங்கும் குழந்தை ம, ப போன்ற இதழொலிகளை, அதாவது இரு உதடுகளும் கூடிப் பிறக்கும் ஒலிகளை, பல மொழிகளிலும் முந்திப் பற்றிக்கொள்வதை மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1941இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். உதட்டசைவு கண்ணுக்குத் தெரிகிறது. நாக்கின் வேலையோ வாய்க்குள் மறைந்து நடக்கிறது. நுனிநாக்கை மேலே வளைத்தும் அண்ணத்தில் ஒட்டவிடாமல் நிறுத்தவேண்டிய ழகரம் கைகூடும்வரை, தமிழ்க் குழந்தை ‘பழம்’ என்பதைப் ‘பயம்’ என்றும், அடிநாக்கில் பிறக்கும் ககரத்தை முன்னுக்குத் தள்ளி ‘அக்கா’வை ‘அத்தா’ என்றும் சொல்வதில் உள்ள ஒழுங்கு, அதைப் பிழை எனச் சொல்லவே தயங்கவைக்கும் அழகுடையது. செவியின் நுட்பம் அதனினும் வியப்புக்குரியது: ஆங்கிலச் சூழலில் வளர்ந்த 6 முதல் 8 மாதக் குழந்தைகள், இந்தியின் பல்லொலித் தகரத்தையும் நாவளை டகரத்தையும் வேறுபிரித்து உணர்ந்ததையும், ஓராண்டு நிறையும் தறுவாயில் அத்திறம் பெரிதும் மங்கிவிட்டதையும் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.