அடுத்தாளும் குப்பியும்

கண்டரமாணிக்கத்திலிருந்து கல்லூரிக்குக் கிளம்பும் பிள்ளைக்குக் காரைக்குடி ஒரு பக்கம், திருப்பத்தூர் ஒரு பக்கம். வீட்டிலேயே முதல் பட்டதாரி ஆகப்போகிறவர் என்றால், முதல் மாதம் பாடத்தைவிடத் தகவலுக்குத்தான் தவிப்பு அதிகம். பஸ் பாஸ் படிவத்தில் யாருடைய கையெழுத்து வேண்டும்? புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் வர எந்த வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைக்க வேண்டும்? இன்டர்னல் மார்க் எப்படிப் போடுகிறார்கள்? அரியர் விழுந்தால் எப்போது திரும்ப எழுதலாம்? துறைத்தலைவர் அறைக்குள் போய் இதையெல்லாம் கேட்கப் பதினேழு வயதுக்குத் தைரியம் வராது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டாம் ஆண்டு அக்காவிடம், "அக்கா, நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டுவிடலாம்.

மூத்தவர் இளையவருக்குச் சொல்லித்தரும் அந்த உறவு இந்தச் சீமைக்குப் பழகியதுதான். கொழும்பு செட்டியார் தெருவின் வட்டித்தொழில் கிட்டங்கிகளுக்குக் கப்பலேறிப் போன நகரத்தார் வீட்டுப் பையன்கள் பெட்டியடிப் பையன்களாகத்தான் தொடங்கினார்கள். பேரேடு எழுதவும் கடன் கேட்டு வருகிறவரை எடைபோடவும் அவர்களுக்குப் பழக்கிவிட்டவர், ஒரு படி மேலே இருந்த அடுத்தாள். முதலாளி ஊரில் இருப்பார். தொழிலைப் பார்க்கும் மேலாளுக்கு ஆயிரம் வேலை. அடுத்தாள்தான் கூடவே இருப்பார். ஆனால் சொல்லித்தருகிறவரே ஏவவும் செய்வார். உதவியும் அதிகாரமும் ஒரே ஆளிடம் இருந்தன.

கல்லூரியில் சீனியர்களிடம் அந்த அதிகாரம் முற்றியபோது என்ன ஆயிற்று என்பதை இந்தியாவும் இலங்கையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பார்த்தன. கானாடுகாத்தான் தந்த ராஜா சர் அண்ணாமலை செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர் பொன் நாவரசு, 1996 நவம்பரில் சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இயற்றியது. அதே 1997இல், பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்து மாணவர் செல்வநாயகம் வரப்பிரகாஷ், அங்கே பகிடிவதை என்று சொல்லும் ராகிங்கால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். 1998இல் இலங்கை நாடாளுமன்றம் பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. இருவருமே தமிழ்ப் பிள்ளைகள். படிக்க அனுப்பிய பெற்றோருக்கு உடல்தான் திரும்பக் கிடைத்தது.

சட்டத்துக்குப் பின் பாதைகள் பிரிந்தன. இந்தியாவில் உதவி மேலிருந்து வந்தது. ராகிங்கை ஆராய்ந்த ஆர்.கே. ராகவன் குழுவின் பரிந்துரைகளையும், 2009இல் இமாச்சலத்தில் ராகிங்குக்குப் பலியான மாணவர் அமன் கச்ரூவின் சாவையும் அடுத்து, பல்கலைக்கழக மானியக் குழு அதே ஆண்டில் ராகிங் தடுப்பு விதிமுறைகள் வெளியிட்டது. ஆறு புதிய மாணவருக்கு ஒரு மாணவ வழிகாட்டி என்று அதில் எழுதியே இருக்கிறது. 2019இல் 'தீக்ஷாரம்ப்' என்ற அறிமுகப் பயிற்சித் திட்டமும் சேர்ந்தது. ஏட்டில் எல்லாம் சரி. நடைமுறையில் பல கல்லூரிகளில் மென்டர் என்றால் ஆசிரியர். அவருக்கு இருபது முப்பது பிள்ளைகள். நாக் தரமதிப்பீடு நடக்கும் ஆண்டில் மென்டர் பதிவேடு அழகாக நிரம்பும். இரண்டாம் ஆண்டு மாணவருக்கு அங்கே இடமே இல்லை. ராகிங் பயத்தில் சீனியர், ஜூனியர் பேச்சையே சில கல்லூரிகள் அறுத்துவிட்டன. நோயோடு மருந்தையும் கொட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இலங்கையில் உதவி கீழிருந்து வருகிறது. அங்கே அதன் தேவையும் பெரிது. உயர்தரப் பரீட்சை எழுதியபின் பல்கலைக்கழகம் புகப் பிள்ளைகள் பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் காத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மாத்தறையில் ருகுணு பல்கலைக்கழகம் கிடைக்கலாம். அம்பாந்தோட்டைப் பிள்ளைக்கு யாழ்ப்பாணம் கிடைக்கலாம். தாய்மொழியில் படித்துவிட்டு வந்தவருக்குப் பல பீடங்களில் விரிவுரை ஆங்கிலத்தில். அப்போது கைகொடுப்பது 'குப்பி'. மண்ணெண்ணெய் விளக்கின் பெயரால் வழங்கும் இந்த வகுப்பை மாணவரே மாணவருக்கு நடத்துகிறார்கள். பரீட்சைக்கு முன், விடுதியிலோ வெற்று விரிவுரை மண்டபத்திலோ, பாடம் பிடிபட்ட ஓர் அண்ணாவோ அக்காவோ கடந்தகால வினாத்தாளை எடுத்துவைத்து, ஆங்கிலத்தில் கேட்டு விளங்காததைத் தமிழிலோ சிங்களத்திலோ அவிழ்த்துக் காட்டுவார். காசு கிடையாது, பதிவேடு கிடையாது. எந்தச் சுற்றறிக்கையாலும் இதை உண்டாக்க முடியாது. நம் கல்லூரிகள் இதைப் பார்த்து ஏங்க வேண்டும்.

ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. பகிடிவதைக்குப் பணிய மறுத்தவரை உடன்படிக்கும் மாணவர் தொகுதியே ஒதுக்கிவைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஒதுக்கப்பட்டவருக்குக் குறிப்பும் இல்லை, குப்பியும் இல்லை. முதலாண்டின் அவமானத்தைச் சகித்துக்கொள்ளப் பிள்ளைகள் சம்மதிப்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். ஆகவே பழைய வினாத்தாள், விடைக்குறிப்பு எல்லாவற்றையும் பீட நூலகமே எல்லோருக்கும் திறந்துவிடட்டும். குப்பிக்குப் பகலில் ஓர் அறையும் தரட்டும். அப்புறம் அவற்றைக் காட்டி யாரையும் மண்டியிட வைக்க முடியாது.

நம் பக்கத்தில் செய்ய வேண்டியது வேறு. முதல் மதிப்பெண் எடுத்தவரையே வழிகாட்டியாகப் போடும் பழக்கத்தை விட வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, முதல் பருவத்தில் ஆங்கிலப் பாடத்தில் அரியர் வைத்து, அதை எழுதித் தேறிய பிள்ளைக்குத்தான் குழி எங்கே இருக்கிறது என்று தெரியும். வருகைப்பதிவு எடுப்பது, ஆசிரியரிடம் புகார் சொல்வது போன்ற எந்த அதிகாரமும் அவருக்கு வேண்டாம். கல்லூரி திறக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பிளஸ் டூ முடிவு வரும் மே மாதமே, சேர்க்கை விண்ணப்பம் போடும்போதே, அதே பஸ் தடத்தில் போய்வரும் இரண்டாம் ஆண்டு அக்காவின் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துவைத்துவிடலாம்.