பதினான்கு தலைமுறைக் கணக்கும் உரியாவின் பெயரும்

புதிய ஏற்பாட்டைத் திறந்தவுடன் எதிர்ப்படுவது ஒரு பெயர்ப் பட்டியல். மத்தேயு முதல் அதிகாரத்தில் ‘பெற்றான்’ என்ற சொல் 39 முறை வருகிறது. ஆராதனையில் உரக்க வாசிப்பவரின் நாக்கு சலாத்தியேல், சொரொபாபேல் வரும்போது தடுமாறும். வீட்டில் தனியாக வாசிப்பவர் 18ஆம் வசனத்துக்குத் தாவிவிடுவார். இப்படித் தாண்டிப் போகிறவர்கள் ஒரு சாரார். ஒவ்வொரு பெயரையும் பிறப்புச் சான்றிதழாக வைத்துக்கொண்டு உலகத்தின் வயதைக் கணக்கிடுகிறவர்கள் இன்னொரு சாரார். இரு சாராருமே தவறவிடுவது ஒன்றுதான்: வேதாகம வம்ச வரலாறு முதலில் ஒரு வாய்பாட்டைக் கட்டுகிறது, பிறகு அதைத் தானே உடைக்கிறது. சொல்ல வந்தது அந்த உடைசலில் இருக்கிறது.

ஆதியாகமம் 5ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆதாம் முதல் நோவா வரை பத்துத் தலைமுறை. ஒருவன் இத்தனை வயதில் மகனைப் பெற்றான், பிறகு இத்தனை வருஷம் இருந்தான், மரித்தான் என்று ஒரே தாளத்தில் வரிகள் ஓடுகின்றன. 969 வருஷம் வாழ்ந்த மெத்தூசலாவும் கடைசியில் மரித்தான். ஏழாம் தலைமுறையான ஏனோக்கிடம் மட்டும் தாளம் அறுகிறது. அவனுக்கு 365 வருஷம்தான். ஆனால் மரித்தான் என்ற சொல் அவனுக்கு இல்லை, தேவன் அவனை எடுத்துக்கொண்டார். மற்றவர்களின் மரணத்தைத் திரும்பத் திரும்பக் கேட்ட காதுக்குத்தான் இந்த ஒரு விடுபடல் உறைக்கும். சலிப்பூட்டுவதாக நாம் குறை சொல்லும் அந்தத் திரும்பச் சொல்லல் இங்கே ஒரு வேலை செய்கிறது.

மத்தேயுவும் இதே உத்தியைத்தான் கையாள்கிறார். ஆபிரகாம் முதல் தாவீது வரை, தாவீது முதல் பாபிலோன் சிறையிருப்பு வரை, அங்கிருந்து கிறிஸ்து வரை என மூன்று பகுதி; ஒவ்வொன்றுக்கும் பதினான்கு தலைமுறை. எபிரெய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு; தாவீது என்ற பெயரின் மூன்று எழுத்துகளைக் கூட்டினால் 4, 6, 4 என்று பதினான்கு வரும். அதனால்தான் இந்த எண் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தகப்பன், மகன் என்று ஓடும் இந்தச் சங்கிலிக்குள் தாமார், ராகாப், ரூத் என்று பெண்களின் பெயர்கள் நுழைகின்றன. சாராள் இல்லை, ரெபேக்காள் இல்லை. மாமனாரிடம் பிள்ளை பெற்றவளும், எரிகோவின் வேசியும், மோவாபியப் பெண்ணும் இருக்கிறார்கள்.

நான்காமவள் பத்சேபாள். அவள் பெயரை மத்தேயு எழுதவில்லை. உரியாவின் மனைவி என்கிறார். ராஜா என்ற பட்டம் தாவீதுக்குக் கொடுக்கப்படுவதும் அதே வசனத்தில்தான். தாவீது யாரைப் போர்முனையில் நிறுத்திக் கொல்ல வைத்தானோ அவன் பெயர் அரச வம்சத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இந்த நான்கு பெண்களையும் ‘பாவிகள்’ என்று ஒரே கட்டாகக் கட்டும் பிரசங்கங்கள் உண்டு. அது பொருந்தாது. ரூத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. தாமார் தன்னைவிட நீதியுள்ளவள் என்று யூதாவே ஒப்புக்கொண்டான். பத்சேபாள் விஷயத்தில் நாத்தான் தீர்க்கதரிசி கண்டித்தது தாவீதை. உரியாவின் பெயர் நிற்பதும் ராஜாவுக்கு எதிரான சாட்சியாகத்தான்.

கடைசி உடைசல் யோசேப்பிடம். அவன் இயேசுவைப் பெற்றான் என்று எழுத வேண்டிய இடத்தில் வாக்கியம் மரியாளிடம் திரும்பிவிடுகிறது. அப்படியானால் இத்தனை பெயர்களும் எதற்கு என்று கேட்கலாம். அதே அதிகாரத்தின் கடைசி வசனத்தில் பிள்ளைக்குப் பெயரிடுகிறவன் யோசேப்பு. ரத்தத்தால் வராத உரிமை, ஏற்றுக்கொள்வதால் வருகிறது.

இவ்வளவும் அந்த முறையின் பலம். இந்த அமைப்புக்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்கள் ஆண்டார்கள். 1 நாளாகமம் 3ஆம் அதிகாரம் அவர்களைச் சொல்கிறது, மத்தேயு விட்டுவிட்டார். யோசியாவின் மகன் யோயாக்கீமும் இல்லை. பேரனையும் ‘பெற்றான்’ என்று சொல்வது எபிரெய வழக்கம்தான் என்ற சமாதானத்தை ஏற்கலாம். ஆனால் பதினான்கு என்று அவரே தொகை சொன்ன பிறகு அந்தச் சமாதானம் முழுதாக நிற்காது. மூன்றாம் பகுதியில் சலாத்தியேல் முதல் இயேசு வரை எண்ணினால் 13 பெயர்தான் தேறுகிறது. இரண்டாம் பகுதியின் கடைசிப் பெயரான எகொனியாவை இரண்டு முறை எண்ணினால்தான் கணக்கு நேராகும்.

லூக்கா 3ஆம் அதிகாரத்தை அருகில் வைத்தால் சிக்கல் கூடுகிறது. மத்தேயுவில் சாலொமோன் வழி, லூக்காவில் தாவீதின் இன்னொரு மகன் நாத்தான் வழி. தாவீதுக்குப் பின் இயேசு வரை மத்தேயுவில் 27 பெயர், லூக்காவில் 42. யோசேப்பின் தகப்பன் மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. பிள்ளையில்லாமல் இறந்த ஏலியின் மனைவியை, தாய்வழிச் சகோதரனான யாக்கோபு மணந்து யோசேப்பைப் பெற்றான் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஜூலியஸ் ஆப்பிரிக்கானஸ் விளக்கம் சொன்னார். லூக்கா தருவது மரியாளின் வம்சம் என்பது இன்றும் புழங்கும் மற்றொரு விளக்கம். இரண்டுமே லூக்கா எழுதாததை எழுதிச் சேர்த்துத்தான் முரணைத் தீர்க்கின்றன.

கணக்குப் பிரியர்களின் பாடு இன்னும் மோசம். 1650இல் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் ஆதியாகமப் பட்டியலின் வயதுகளை ஆதாரமாகக் கொண்டு படைப்பின் ஆண்டை கி.மு. 4004 என்று நிர்ணயித்தார். ஆனால் படைப்பு முதல் ஜலப்பிரளயம் வரை எபிரெய மூலத்தின்படி 1656 வருஷம். சமாரியரின் பிரதியின்படி 1307 வருஷம். மூலப் பிரதிகளே ஒத்துப்போகாத எண்களில் உலகத்தின் வயதைக் கட்டுவது மணலில் அஸ்திவாரம் போடுவதுதான்.

எண்ணைவிடப் பெரிய குறை, பட்டியல் கதவாக மாறும்போது தெரிகிறது. பாபிலோனிலிருந்து திரும்பிய ஆசாரியரில் மூன்று குடும்பத்தார் தங்கள் வம்ச அட்டவணையைக் காட்ட முடியாததால் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டதை எஸ்றா 2ஆம் அதிகாரம் சொல்கிறது. அதே வேதாகமத்தில், சபைக்குள் வரக்கூடாதென்று உபாகமம் தடுத்த மோவாபிய இனத்துப் பெண்ணைத் தாவீதின் பாட்டன் ஓபேத்தின் தாயாக ரூத்தின் புத்தகம் எழுதி வைக்கிறது. விலக்கவும் பயன்பட்டது, சேர்க்கவும் பயன்பட்டது அதே எழுத்து முறை.

பிறப்புப் பதிவேடாகப் பார்த்தால் இந்தப் பட்டியல்கள் நம்பத் தகுந்தவை அல்ல. யாரைத் தன் சொந்தம் என்று ஒரு சமூகம் அறிக்கையிட்டது என்பதற்கு அவை உறுதியான சாட்சி. பிரசங்க மேடையில் நிற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கிறிஸ்துமஸுக்கு முதல் பதினேழு வசனங்களைத் தாண்டாதீர்கள். விடுபட்ட ராஜாக்களை மறைக்காதீர்கள். உரியாவின் பெயர் வரும்போது சற்று நிறுத்தி, அவன் யார் என்று சபைக்குச் சொல்லுங்கள்.