பிளிமத் நூதனசாலையின் இரு குரல்கள்

மசாசூசெற்ஸ் மாநிலத்துப் பிளிமத் நகரில் 1947இல் நிறுவப்பட்ட திறந்தவெளி நூதனசாலையிற் பார்வையாளர் இருவகைப் பேச்சைக் கேட்டு வந்துள்ளனர். ஆங்கிலக் குடியேறிகளாக வேடம் பூண்டோர் 1627ஆம் ஆண்டு மாந்தராகவே நின்று விடையிறுப்பர். அயலிலுள்ள குடியிருப்பிற் பூர்வகுடியினரோ, மரபுடை அணியினும், இன்றைய மனிதராகவே பேசுவர். முன்னைய முறை சுவைமிக்கது, ஐயமில்லை. ஆயின், 1675இல் மூண்ட போரையோ, மறுவருடம் வாம்பனோவக் தலைவர் மெற்றாகொமின் தலை அந்நகரிலேயே கம்பத்தில் நாட்டப்பட்டதையோ வினவினால், 1627இல் நிற்பவர்க்கு அது 'தெரியாது'. நடிப்பின் விதி ஈண்டு வரலாற்றுப் பொறுப்பினின்றும் தப்பும் வழியாகிவிடுகின்றது. கசப்பானவற்றை உரைக்கும் சுமை முழுவதும் இழந்தவர்மீதே விழுகின்றது. குடியேற்றம் எழுந்ததே, 1616–1619 கொள்ளைநோயால் வெறுமையுற்ற பட்டுக்செற் என்னும் ஊரிலாகும். அப்பெயரை நூதனசாலை தன் பெயரோடு இணைத்துக்கொண்டது 2020இலேயே.