விளம்பரமும் பண்டத்தின் மெய்ம்மையும்

கவிதையையும் நாவலையும் நுணுகி ஆராயும் நாம், அவற்றினும் பன்மடங்கு மக்களைச் சென்றடையும் விளம்பரத்தைப் பெரும்பாலும் ஆய்வுக்குரியதாகக் கொள்வதில்லை. அதுவும் சொல்லாலும் படிமத்தாலும் ஆனதே. ஐக்கிய அமெரிக்காவிற் பரப்பப்பட்ட ஓட்ஸ், சிகரெட் ஆகிய இரு பண்டங்களின் வரலாறு அதன் இயல்பைத் தெளிவுறுத்தும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டில் ஓட்ஸ் பெரிதும் குதிரைத் தீனியாகவே கருதப்பட்டது. கடைகளிற் பீப்பாயிலிருந்து அளந்து விற்கப்பட்டது. 1877 இல் குவேக்கர் என்னும் வியாபாரச் சின்னம் பதிவாயிற்று. 1881 இல் அவ்வாலையை வாங்கிய ஹென்றி குரோவெல், தானியத்தைப் பெட்டியிலடைத்துக் குவேக்கர் உருவத்தைப் பொறித்து விற்றார். அச்சமயக் குழுவினருக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை. அவர்தம் நேர்மை பற்றிய நன்மதிப்பே இரவலாகப் பெறப்பட்டது.

சிகரெட்டின் கதையும் இத்தகையதே. 1881 இல் உரிமம் பெற்ற பொன்சாக்கின் இயந்திரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 120,000 சிகரெட்டுகளைச் சுற்ற வல்லது. அதனைக் கைக்கொண்ட யேம்ஸ் டியூக்கிற்கு உற்பத்தி எளிதாயிற்று. புகைப்போரைப் பெருக்குவதே பிரச்சினையாயிற்று. பெட்டிகளுள் வண்ணப்பட அட்டைகள் இடம்பெற்றன. தேவை பண்டத்தைப் படைத்தது என்பதினும், பண்டமே தேவையைப் படைத்தது என்பது பொருத்தமாகும்.

1929 இல் எட்வேட் பேர்னேய்ஸ் நியூயோர்க் உயிர்த்தஞாயிறு ஊர்வலத்திற் பெண்களைப் புகைத்தவாறு நடக்கச் செய்து, சிகரெட்டைச் சுதந்திரத்தின் தீப்பந்தமாக்கினார். பெண்விடுதலை என்னும் மெய்யான வேட்கை ஒரு கொம்பனியின் விற்பனைக்குப் பயன்பட்டது. 1924 இல் மகளிர்க்கென விற்கப்பட்ட மார்ல்பரோவோ, 1950களின் நடுப்பகுதியில் மாடு மேய்க்கும் வீரனின் ஆண்மைச் சின்னமாயிற்று. புகையிலை புகையிலையாகவே இருக்க, அதன் பொருள் மட்டும் தலைகீழாயிற்று.

விளம்பரம் பண்டத்தை அறிமுகஞ் செய்கின்றது, தரத்தை உயர்த்துகின்றது என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. பீப்பாயிற் கிடந்த தானியத்தினும் பெட்டியிலடைத்தது தூய்மையானதே. ஆயினும், உடலை வளர்க்கும் உணவையும் உயிரைக் குடிக்கும் நஞ்சையும் ஒரே உத்திகளால் விற்க முடிந்தது என்பதே ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. புகைத்தல் நுரையீரற் புற்றுநோய்க்குக் காரணமாவதை 1964 இல் அமெரிக்க மருத்துவத் தலைமை அதிகாரியின் அறிக்கை உரைத்தது. ஓட்ஸின் கரையும் நார்ப்பொருள் இதயநோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்னும் கூற்றை 1997 இல் அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் அனுமதித்தது. இரண்டையும் வேறுபடுத்தி அறிதற்கு ஆய்வுகூடம் வேண்டியிருந்தது. விளம்பரம் அவ்வேறுபாட்டைக் காட்டவில்லை.

அழகிய படிமம் உண்மைக்குச் சான்றாகாது. கவிதையிற் படிமம் அனுபவத்தைத் துலக்குகின்றது. விளம்பரத்தில் அது பண்டத்தை மறைக்கவும் கூடும். படிமத்தை விலக்கிப் பண்டத்தை நோக்கும் பயிற்சியை அளிப்பது திறனாய்வின் சமூகக் கடமைகளுள் ஒன்றாகும்.