'இரு தரப்பு' என்னும் இலக்கணம்

தமிழ் இதழியல் வரலாறு என்று நமக்குச் சொல்லப்படுவது ஓர் ஏறுமுகக் கதை. 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் வார இதழாகத் தொடங்கிய 'சுதேசமித்திரன்' 1899இல் நாளிதழாகிறது. 1934இல் 'தினமணி'. 1942இல் மதுரையிலிருந்து சி.பா. ஆதித்தனாரின் 'தினத்தந்தி'. இங்கிலீஷ் படித்தவர் வீட்டுத் திண்ணையிலிருந்து பெரம்பலூர், அரியலூர் டீக்கடை பெஞ்சு வரைக்கும் பேப்பர் வந்து சேர்ந்தது. சமூகம் ஜனநாயகப்பட்டது என்று கதை முடியும். இதில் பொய் இல்லை. ஆனால் பேப்பரை யார் படித்தார்கள் என்பதை மட்டுமே இக்கதை கேட்கிறது. பேப்பருக்குள் யார், எந்த வாக்கியத்தில், எழுவாயாகவா செயப்படுபொருளாகவா வந்தார்கள் என்ற கேள்வியை அது கேட்பதேயில்லை.

பத்திரிகை, முன்பின் அறியாதவர்களைக்கூட ஒரே சமூகமாகத் தங்களைக் கற்பித்துக்கொள்ள வைக்கிறது என்றார் பெனடிக்ட் ஆண்டர்சன் (1983). சீனாவைப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகும். 1872இல் ஷாங்காயில் எர்னஸ்ட் மேஜர் என்ற ஆங்கில வணிகர் 'ஷென்பாவோ' நாளிதழைத் தொடங்குகிறார். அடுத்த ஆண்டே, கொலைப்பழி சுமத்தப்பட்டுச் சித்திரவதையால் வாக்குமூலம் வாங்கப்பட்ட யாங் நைவூவின் வழக்கு வருகிறது. அப்பத்திரிகை விடாமல் எழுதியது. 1877இல் தீர்ப்பு மாற்றப்பட்டது. பத்திரிகையால் அரசாங்கத்தைத் தட்டிக் கேட்க முடியும் என்று சீன வாசகர் கண்டது இப்படித்தான். பிறகு லியாங் சிச்சாவோ 1898இல் ஜப்பானுக்குத் தப்பி, யோகஹாமாவிலிருந்து பத்திரிகை நடத்துகிறார். பத்தாண்டு கழித்து, 1908இல், 'இந்தியா'வோடு பாரதி புதுச்சேரிக்குப் போகிறார். இரண்டு நாடுகளிலும் அரசியல் பத்திரிகை அந்நியர் ஆளுகையின் நிழலில் ஒதுங்கித்தான் உயிர் பிழைத்தது.

ஒப்புமையை இங்கேயே நிறுத்தி மகிழ்ந்துவிட முடியாது. யாங் நைவூ தேர்வெழுதிப் பட்டம் பெற்றவர். அவருக்காகப் பேச அவர் மாகாணத்து அதிகாரிகள் தலைநகரில் இருந்தார்கள். பொதுக்களம் தன்னைப் போன்றவனுக்காகத்தான் முதலில் வாய் திறந்தது. அவரோடு குற்றம் சாட்டப்பட்ட ஏழைப் பெண்ணின் விடுதலை அதன் உபவிளைவு.

நம்மூர் பொதுக்களம் மட்டும் வேறா? 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19இல் அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' சென்னை இராயப்பேட்டையிலிருந்து வந்தது. விலையையே பெயரில் சுமந்த பத்திரிகை அது. யாருக்காக என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. பாரதி புதுச்சேரிக்குப் போன நாட்களில் இது சென்னையிலேயே வாராவாரம் வெளிவந்துகொண்டிருந்தது. ஆனால் ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வரும்வரை, தமிழ் படித்த நம்மில் எத்தனை பேருக்கு அதன் பெயராவது தெரியும்? வெள்ளைக்காரன் செய்தது தடை. நாம் செய்தது மறதி. தடைக்காவது கோப்பு இருக்கும், தேதி இருக்கும், தியாகி இருப்பார். மறதிக்கு எதுவும் இல்லை.

இந்தப் பின்னணியில் அரியலூரை வாசிப்போம். 1956 நவம்பர் 23, விடாத மழை. மருதையாற்றுப் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இந்தியா முழுக்கப் பத்திரிகைகளில் அரியலூர் என்ற பெயர் அடிபட்டது. அந்தச் செய்தி இன்று நினைவில் நிற்பது ஓர் அமைச்சரின் அறவுணர்வாக. செத்தவர்கள் ஓர் எண்ணிக்கை. 2017இல் குழுமூர் அனிதா: பிளஸ் டூவில் 1176 மதிப்பெண், நீட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போன பெண், செப்டம்பர் 1இல் மரணம். மறுபடி அரியலூர் தலைப்புச் செய்தி. 'ஏழை மாணவி', 'கூலித் தொழிலாளியின் மகள்' என்றெல்லாம் எழுதிய பேனா, 'தலித்' என்ற சொல்லுக்கு முன்னால் எத்தனை முறை தயங்கி நின்றது?

அங்கே சொல்லாமல் விட்டது, 2019இல் வேறு வடிவம் எடுக்கிறது. ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் நாளன்று, பொன்பரப்பியில் தலித் குடியிருப்புக்குள் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். இந்த மாதிரிச் சம்பவங்களுக்கு நம் பத்திரிகை மொழி கைவசம் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறது: 'இரு தரப்பினரிடையே மோதல்; வீடுகள் சேதம்; போலீஸ் குவிப்பு.' அடித்தவன் இல்லை, அடிபட்டவனும் இல்லை. இருப்பது தரப்பு. வீடு தானாகச் சேதமாகிறது. போலீஸ் மட்டும் குவிகிறது. இதற்கு நடுநிலை என்று பேர்.

சிறுபத்திரிகைக்காரர்கள் தினத்தந்தியைக் கேலி செய்தே பழகிவிட்டோம். கொலை, கள்ளக்காதல், கன்னித்தீவு என்று. மக்கள் பேசுவதுபோல எழுது என்று ஆதித்தனார் சொன்னது சாதாரண விஷயமல்ல. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனையும் அது வாசகனாக்கியது. கொச்சையும் பரபரப்பும் இங்கே பிரச்சினை இல்லை. கொச்சையாக எழுதுகிற பேப்பரும் செந்தமிழில் எழுதுகிற பேப்பரும் 'இரு தரப்பு' என்று வரும்போது ஒரே இலக்கணத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன என்பதுதான் பிரச்சினை. 1996இல் பி.என். உனியால் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடி, ஒருவரையும் காணவில்லை என்று எழுதினார். நிருபர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது அவர் எழுதும் வாக்கியத்தின் எழுவாயையும் தீர்மானிக்கிறது.

களத்தில் நிற்கும் தோழர்களுக்கு: உண்மை அறியும் குழு போட்டு அறிக்கை எழுதுகிறோம், அதைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு நாலு வரி வராதா என்று காத்திருக்கிறோம். வரட்டும். அதற்கு முன் நம் அறிக்கையையே ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். 'தாக்கப்பட்டனர்', 'எரிக்கப்பட்டன' என்று நாமும் செயப்பாட்டுவினையில்தான் எழுதிக்கொண்டிருக்கிறோமா? யார் எரித்தது என்பதை ஒரு முழு வாக்கியமாக, எழுவாயோடு எழுத நமக்கு யார் தடை?