ஆற்றலா, அருள்வாக்கா?

மந்திரத்தால் மாங்காய் விழும் என்று கூறுவோரைக் கண்டு நாம் நகைக்கிறோம். நகைப்பது முறைதான். ஆனால் நம் பள்ளிகளின் அறிவியல் வகுப்பிலேயே ஒரு மந்திரம் ஆண்டுதோறும் ஓதப்படுகிறது. பிழையின்றி ஓதியவன் மதிப்பெண் பெறுகிறான். ஒரு சொல் தவறவிட்டவன் 'மக்கு' எனும் பட்டம் பெறுகிறான். இதைக் கண்டும் காணாதவர்போல் இருத்தல் பகுத்தறிவாளர்க்கு அழகாகுமா?

ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது. ஒரு வகையினின்று மற்றொரு வகைக்கு மாற்றலாம் என்பதே நாம் குறிப்பிடும் மந்திரம். விதியிலே குறையில்லை, மனித அறிவு ஈட்டிய பெருஞ்செல்வங்களில் அது ஒன்று. 1840களில் ஜேம்ஸ் ஜூல் என்பார், எடையைக் கீழிறங்க விட்டு, அதனால் துடுப்பைச் சுழலவைத்து, துடுப்பால் தண்ணீரைச் சூடேற்றி, இவ்வளவு வேலைக்கு இவ்வளவு வெப்பம் என்று அளந்து அளந்து காட்டியதன் பயன் அது. அளந்து கண்ட உண்மையை நாம் ஓதிக் கொடுக்கிறோம். குறை அங்கேதான்!

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வட்டத்து மானாம்பதியில் ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். தந்தை வயலிலே, தாய் களையெடுப்பிலே, அந்தக் குடும்பத்தில் அறிவியல் நூலைக் கையில் எடுத்த முதல் ஆள் அவன். ஒரு பாடத்தில், ஆற்றலை அழிக்க முடியாது என்று படிக்கிறான். மறு பாடத்தில், ஆற்றலைச் சேமியுங்கள், வீணாக்காதீர்கள் என்று படிக்கிறான். டிசம்பர் 14 ஆம் நாள், தேசிய ஆற்றல் சேமிப்பு நாளென்று, முழக்க அட்டை ஏந்தி ஊர்வலமும் போகிறான். "அழிக்கவே முடியாத ஒன்றை எதற்கையா சேமிக்க வேண்டும்?" என்று அவன் கேட்டால்?

அதுவன்றோ கேள்வி! விளக்கில் எரிந்த ஆற்றலும், மோட்டாரில் ஓடிய ஆற்றலும், முடிவில் சுற்றுப்புறத்து வெப்பமாய்ச் சிதறுகின்றன, அளவிலே குறைவதில்லை, ஆனால் திரட்டி மீண்டும் வேலை வாங்கத்தக்க நிலையில் இருப்பதில்லை. மூட்டை அவிழ்ந்து மணலில் கொட்டிய கடுகு எங்கும் போய்விடவில்லை. எனினும் தாளிக்க உதவுமா? இந்த விளக்கத்தைப் பெற்றவனே விதியைப் பெற்றவன். ஆனால் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் வினாத்தாளில் இந்தக் கேள்விக்கு இடமேது?

அமெரிக்க இயற்பியலறிஞர் ரிச்சர்டு ஃபெயின்மன், 1966 இல் நியூயார்க் நகரில் அறிவியல் ஆசிரியர்கள் மாநாட்டில் பேசினார். அந்நாட்டு முதல் வகுப்பு நூலொன்றில், சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை நாயின் படம். இதை ஓடச் செய்வது எது என்பது கேள்வி. ஆற்றல் என்பது விடை. அவர் சீறினார். ஆற்றல் என்பதற்குப் பதில் கடவுள் என்று எழுதினாலும் குழந்தைக்குக் கிடைக்கும் அறிவு அவ்வளவுதானே என்று கேட்டார். பொம்மையைப் பிரித்துச் சுருள்வில்லைக் காட்டுங்கள். அதை முறுக்கிய கையைக் காட்டுங்கள். கைக்கு வலுத்தந்த உணவையும், உணவை விளைவித்த கதிரவனையும் காட்டுங்கள் என்றார். புதிதாய்க் கற்ற சொல்லைப் பயன்படுத்தாமல் கற்ற செய்தியைச் சொல்ல முடிகிறதா என்பதே அவர் தந்த உரைகல்.

அந்த உரைகல்லில் நம் பாடத்தை உரைத்துப் பார்ப்போம். ஆற்றல் யாது? வேலை செய்யும் திறன் என்பர். திறன் யாது? ஓரலகு நேரத்தில் செய்யப்படும் வேலையின் அளவு என்பது பிறிதொரு பாடம்! ஒரே சொல் ஓரிடத்தில் இயல்பைக் குறிக்கிறது. ஓரிடத்தில் வீதத்தைக் குறிக்கிறது. நாம் ஆற்றல் என்பதை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் சக்தி என்கின்றன. நாம் திறன் என்பதை வலு என்கின்றன. எது சிறந்தது என்ற வழக்கு வேண்டா. ஊர் வழங்கும் பொருள் வேறு, பாடம் கொள்ளும் பொருள் வேறு என்பதை வகுப்பிலே வெளிப்படையாய்ச் சொல்லல் வேண்டும்.

தலையில் நெல் மூட்டையோடு அசையாது நிற்பவன் வேலை ஏதும் செய்யவில்லை என்கிறது பாடம். வியர்வை வழிய நிற்கும் தந்தையைக் கண்ட பிள்ளை அதை எங்ஙனம் ஏற்பான்? மூட்டை உயரவில்லை, ஆகவே மூட்டைமீது செய்யப்பட்ட வேலை சுழி. ஆனால் அவர் தசைகள் ஓயாது சுருங்கி விரிகின்றன, உண்ட சோற்றின் ஆற்றல் வெப்பமாய் வெளியேறுகிறது, அதனாலேயே வியர்வை. இதை விளக்காமல் 'சுழி' என்று மட்டும் எழுதச் சொல்வது, உழைப்பாளிக்கும் இழுக்கு, அறிவியலுக்கும் இழுக்கு.

ஆசிரியரைப் பழிக்க நாம் வரவில்லை. சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010 இல் வந்தது. 2011 இல் உச்சநீதிமன்றம் வரை சென்று நிலைபெற்றது. 2012–13 இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை புகுந்தது. 60 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு என்று வகுக்கப்பட்டது. நோக்கம் நன்று. ஆனால் அந்த நாற்பதும், கடையில் வாங்கிய படத்தை அட்டையில் ஒட்டிக் கொடுத்தாலே கிடைத்துவிடுமாயின், மாறியது முறையா, பெயரா?

கேள்வியை மாற்றுங்கள் என்கிறோம். பத்து மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து பதினைந்து லிட்டர் குடம் நீரை மேலேற்ற 1,470 ஜூல் வேண்டும். மின் கணக்கில் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அந்த ஒரு யூனிட்டில் எத்தனை குடம் ஏறும்? ஏறத்தாழ 2,450! ஆனால் வயலில் ஓடும் மோட்டார் அத்தனையும் ஏற்றுகிறதா? இல்லையேல் மிச்சம் எங்கே போயிற்று? மோட்டாரைத் தொட்டுப் பார்த்தவன், "ஐயா, சுடுகிறது!" என்பான். அந்த ஒரு சொல்லுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். அவன் விதியை ஓதவில்லை; கண்டுகொண்டான்.

அந்த வட்டத்துக்குத் தகுதித் தேர்வு புதிதன்று. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள், குடவோலையில் பெயரிடப்படுவோர்க்கு நிலமும் வீடும் வயதும் மட்டுமல்ல, மந்திரப் பிராமணம் அறிந்திருத்தலும் வேண்டும் என்றன. ஓதத் தெரிந்தவன் உள்ளே. உழத் தெரிந்தவன் வெளியே! ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்தும், உழுதவன் பேரனை ஓதும் தேர்வாலேயே அளப்போமாயின், நாம் மாற்றியது மந்திரத்தை மட்டுமே.

கணக்குக் கேட்கக் கற்ற பிள்ளையை எவரும் ஏய்க்க முடியாது. பிரபஞ்ச சக்தி ஏற்றிய தகடு என்று நாளை ஒருவன் விற்க வந்தால், "எத்தனை ஜூல்? எதிலிருந்து வந்தது? எப்படி அளந்தாய்?" என்று கேட்பான். ஓதக் கற்ற பிள்ளையோ, பை நிறைய மதிப்பெண் வைத்துக்கொண்டே அந்தத் தகட்டை வாங்குவான்.

தோழர்களே, ஊர்தோறும் படிப்பகம் நடத்துகிறீர்கள். இக்கிழமை பிள்ளைகளைக் கூட்டி ஒரு குடம், ஒரு கயிறு, ஒரு மின்கட்டண அட்டை எடுத்து வையுங்கள். 'ஆற்றல்' என்ற சொல்லை ஒரு மணி நேரம் விலக்கிவிட்டு, நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். எவன் திக்கித் திணறியேனும் தன் சொல்லில் சொல்கிறானோ, அவனே தேறியவன்.